பழையனூர் நீலி கதையும் கதையமைப்புக் கோட்பாடும்

உருசிய அறிஞர் விளாதிமிர் பிராப், அஃபனாசியெவ் தொகுத்த கதைகளுள் நூற்றினை ஆராய்ந்து, அவற்றின் நிகழ்ச்சிகள் 31 செயற்கூறுகளுள் அடங்கும் என 1928-இல் நிறுவினார். ஒவ்வொரு கதையிலும் அனைத்தும் வரவேண்டுவதில்லை. வருவன ஒரே வரிசையில் வரும் என்பது அவர்தம் துணிபு. அவ்வரிசை, வீட்டினர் ஒருவர் வெளியே செல்வதில் தொடங்கித் திருமணத்தில் முடிகிறது. ஆயின், திருமணத்தினின்றே அச்சம் பிறக்கும் கதைக்கு இவ்வளவுகோல் பொருந்துமா? பழையனூர் நீலி கதையைக் கொண்டு இதனை நோக்கலாம்.

கதை பலவாறு வழங்குகிறது. பெருவழக்கான வடிவில், மனைவி இருப்பதை மறைத்து அந்தணன் ஒருவன் வேற்றூரில் இன்னொருத்தியை மணக்கிறான். தன் ஊருக்கு அழைத்துவரும் வழியில் ஆலங்காட்டில் அவளைக் கொல்கிறான். அவள் நீலி என்னும் பேயாகிறாள். மறுபிறப்பில் வணிகனான அவன், பேயை அணுகவிடாத மந்திர வாளுடன் அவ்வழியே வருகிறான். கள்ளிக்கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் ஏந்திய நீலி, அவன் தன் கணவன் எனப் பழையனூர் வேளாளர் எழுபதின்மர் முன் வழக்குரைக்கிறாள். குழந்தை அவனை 'அப்பா' என்கிறது. வணிகன் அஞ்சி நடுங்க, அவனுக்குத் தீங்கு நேரின் தாமும் உயிர் விடுவதாக வாக்களித்து, வாளை வாங்கி வைத்துக்கொண்டு இருவரையும் ஒரு வீட்டில் இரவு தங்கச் செய்கின்றனர். விடியலில் வணிகன் பிணமாய்க் கிடக்கிறான். எழுபதின்மரும் தீப்பாய்கின்றனர்.

பிராப்பின் வரிசையில் தலைவன் மந்திரப் பொருளைப் பெறுவான்; இங்கோ காக்க வேண்டிய அவையே அதனைப் பறித்துக்கொள்கிறது. அங்கே பொய்யுரிமை கோருவோன் இறுதியில் வெளிப்படுவான். நீலியின் கோரிக்கையோ இப்பிறப்பை நோக்கின் பொய், முற்பிறப்பை நோக்கின் மெய். ஒரே செயல் ஒரே இடத்தில் இருவேறு கூறுகளாய் நிற்கிறது. செயலின் பொருளைக் கதையில் அது பெறும் இடமே வரையறுக்கும் என்ற பிராப்பின் விதி இங்கு இடறுகிறது. எம் கருத்தில், இக்கதையின் அச்சம் பேயினால் விளைவதன்று. கணவனும் மனைவியும் பிரிதலாகாது என்ற நன்னோக்கமுள்ள தீர்ப்பினால் விளைவது.

கதைத்தலைவர் யார் என்பதும் சொல்வோரைப் பொறுத்தே அமைகிறது. ஏழாம் நூற்றாண்டுச் சம்பந்தர் ஆலங்காட்டுப் பதிகத்தில், வஞ்சத்தால் ஒருத்தி உயிர்கொண்டதைக் குறிப்பிடுகின்றார். முன்னிகழ்ந்த கொலை அங்கில்லை. பன்னிரண்டாம் நூற்றாண்டுச் சேக்கிழார், திருக்குறிப்புத்தொண்டர் புராணத்தில் வணிகனுக்களித்த வாக்கைக் காத்தோரைப் போற்றுகின்றார். அவர்க்கு வேளாளரே தலைவர். சமணர் இயற்றிய நீலகேசியிலோ, முனிவரை அச்சுறுத்த வந்த பழையனூர் நீலி அவரிடம் தோற்று, அறங்கேட்டு, பிற சமயத்தாரை வாதில் வெல்லும் தலைவியாகிறாள். வழக்குமொழி வணிகன் பக்கம் நின்றுவிட்டது. பொய்யழுகையை 'நீலிக்கண்ணீர்' என்கிறோம். அத்தொடர் அவையில் வடித்த கண்ணீரை மட்டுமே அறியும், காட்டில் வடித்ததை அறியாது.

இதே ஆலங்காடுதான் காரைக்காலம்மையார் தலையால் நடந்து சென்றடைந்த தலம் என்பதும் உடன்வைத்து எண்ணற்பாலது. அவர்தம் கணவன் பரமதத்தன் அவரை அஞ்சி நீங்கிப் பாண்டிநாட்டில் வேறொருத்தியை மணந்தான். பிறந்த மகளுக்கு அம்மையாரின் பெயரையே இட்டான். தேடி வந்தவரின் காலில் குடும்பத்துடன் வீழ்ந்தான். அதன்பின்னரே அவர் தசையுடம்பு நீங்கிப் பேயுரு வேண்டினார். பிராப்பின் வரிசையில் இறுதியில் நிற்கும் திருமணம் இவ்விரு கதைகளிலும் முதலிலேயே நிகழ்ந்துவிடுகிறது. ஒருத்தியை ஊரார் அஞ்சினர். மற்றவரை அறுபத்துமூவருள் ஒருவராய்க் கோயில்களில் வைத்து வழிபடுகின்றனர்.