புள்ளியியல், தரவு அறிவியல் இளநிலைப் பட்டப்படிப்பு (இந்தியா)

தரவைத் திரட்டுவது, தொகுப்பது, அதிலிருந்து ஒரு முடிவுக்கு வருவது, அந்த முடிவு எந்த அளவுக்குப் பிசகக்கூடும் என்று கணக்கிடுவது ஆகியவற்றைக் கற்பிக்கும் மூன்று அல்லது நான்கு ஆண்டுப் படிப்பு புள்ளியியல் இளநிலைப் பட்டப்படிப்பு. இதனுடன் நிரலாக்கம், தரவுத்தளம், இயந்திரக் கற்றல் ஆகியவற்றைச் சேர்த்து, கோட்பாட்டுத் தாள்களைக் குறைத்துத் தரும் வடிவம் தரவு அறிவியல் என்ற பெயரில் அண்மைக் காலத்தில் பரவியது. ஒரே தாள் இரு பட்டங்களிலும் இருப்பது சாதாரணம். எனவே பட்டத்தின் பெயரைப் பார்ப்பதைவிட, நிகழ்தகவுக்கும் கூறெடுப்புக்கும் எத்தனை தாள் ஒதுக்கியிருக்கிறார்கள் என்று பார்த்தால் படிப்பின் தன்மை விளங்கிவிடும்.

தோற்றம்

பல்கலைக்கழகத் துறை என்ற நிலையைப் புள்ளியியல் முதலில் பெற்றது லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியில், 1911இல், கார்ல் பியர்சன் தலைமையில். இந்தியாவில் அதைத் தொடங்கிவைத்தவர் ஓர் இயற்பியல் பேராசிரியர். கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் பி. சி. மகலனோபிஸ் நடத்திவந்த சிறிய ஆய்வகத்திலிருந்து 1931இல் இந்தியப் புள்ளியியல் நிறுவனம் உருவானது. 1941இல் கல்கத்தா பல்கலைக்கழகம் புள்ளியியலில் முதுகலைப் படிப்பைத் தொடங்கியது. தொடக்க கால மாணவர்களில் ஒருவரான சி. ஆர். ராவ் 1943இல் அங்கே எம்.ஏ. முடித்து, 1945இல் வெளியிட்ட ஒரே கட்டுரையில் கிராமர்–ராவ் எல்லை, ராவ்–பிளாக்வெல் தேற்றம் இரண்டுக்கும் அடித்தளம் போட்டார். புள்ளியியல் இளநிலை மாணவர்கள் இன்றும் வழக்கமாக இந்த இரண்டையும் படிக்கிறார்கள்.

1959இல் நாடாளுமன்றச் சட்டம் இந்நிறுவனத்தைத் தேசிய முக்கியத்துவம் வாய்ந்ததாக அறிவித்துப் பட்டம் வழங்கும் உரிமையைத் தந்தது. அடுத்த ஆண்டே அங்கே பி.ஸ்டாட். என்ற இளநிலைப் பட்டப்படிப்பு தொடங்கிவிட்டது. சென்னையில் அதற்கு முன்பே மாநிலக் கல்லூரியில் புள்ளியியல் ஆனர்ஸ் நடந்துகொண்டிருந்தது. 1959இல் அங்கே பட்டம் பெற்றுக் கல்கத்தாவுக்கு ஆய்வுக்குப் போன எஸ். ஆர். எஸ். வரதன், 2007இல் ஏபெல் பரிசு பெற்றார். கணிதத்தின் மிக உயர்ந்த விருதுகளில் ஒன்றை வென்றவரின் முதல் பட்டம் புள்ளியியல் என்பது, 'மேத்ஸ் கிடைக்கவில்லை என்றால் ஸ்டாட்ஸ்' என்று அட்மிஷன் நேரத்தில் பேசுபவர்களுக்குப் பெரும்பாலும் தெரிவதில்லை.

பாடத்திட்டம்

முதலாண்டில் விவரப் புள்ளியியலும் நிகழ்தகவும், துணைப்பாடமாகக் கணிதம். அடுத்து ஈருறுப்பு, பாய்சான், இயல்நிலைப் பரவல்கள், மதிப்பீட்டியல், கருதுகோள் சோதனை. கடைசி ஆண்டில் தொடர்புப் போக்கு, பரிசோதனைத் திட்டமிடல், தரக்கட்டுப்பாடு, காலத்தொடர் ஆகியவை வரும். இந்தியப் பாடத்திட்டங்களில் கூறெடுப்புக்குத் தனித் தாள் இருப்பதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. வங்காளத்தின் சணல் பரப்பை முழுதாக எண்ணாமல் மாதிரி நிலங்களைக் கொண்டே கணிக்க முடியும் என்று மகலனோபிஸ் 1937 முதல் செய்துகாட்டினார். 1950இல் தொடங்கிய தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு அதன் தொடர்ச்சி.

செய்முறைத் தாள் இந்தப் படிப்பின் தனி அடையாளம். தேர்வு மேசையில் கால்குலேட்டர், புள்ளியியல் அட்டவணை, ரெக்கார்டு நோட்டு மூன்றும் இருக்கும். பாய்சான் பரவலைத் தரவுக்குப் பொருத்தும் கணக்கு வழக்கமாக வருவது. முதலில் சராசரியைக் காண வேண்டும். அதைக் கொண்டு ஒவ்வொரு வகுப்புக்கும் எதிர்பார்க்கும் அலைவெண்ணைக் கணக்கிட வேண்டும். கடைசி வகுப்புகளில் அது ஐந்துக்குக் கீழே போனால் பக்கத்து வகுப்போடு சேர்த்த பிறகே கை-ஸ்கொயர் போட வேண்டும். மதிப்பெண் போவது பெரும்பாலும் இதற்கு அடுத்த படியில்தான்: வகுப்புகளைச் சேர்த்தவர், டிகிரி ஆஃப் ஃப்ரீடமைப் பழைய எண்ணிக்கையிலேயே விட்டுவிடுவார். சராசரியைத் தரவிலிருந்தே எடுத்ததற்காக இன்னும் ஒன்றைக் கழிக்க வேண்டும் என்பதும் மறந்துபோகும். ஆர் மென்பொருள் இதே கணக்கை ஒரு நொடியில் முடித்துவிடும். ஆனால் சராசரி எங்கிருந்து வந்தது என்று நாம் சொல்லாவிட்டால், அந்த ஒன்றைக் கழிக்க அதற்கும் தெரியாது.

தரவு அறிவியலின் வரவு

தரவுப் பகுப்பாய்வு கணிதப் புள்ளியியலைவிட அகலமான துறை என்று ஜான் டூக்கி 1962இலேயே வாதிட்டார். புள்ளியியலுக்கே தரவு அறிவியல் என்று பெயர் வைக்கலாமா என்று ஜெஃப் வூ 1997இல் ஓர் உரையில் கேட்டார். பட்டமாக அது இந்தியாவில் பெரிய அளவில் வந்தது 2020இல், ஐ.ஐ.டி. மெட்ராஸ் இணையவழியில் தொடங்கிய படிப்போடு. ஜே.இ.இ. தேவையில்லை. நான்கு வாரப் பாடத்தைப் படித்துத் தகுதித் தேர்வில் தேறினால் சேரலாம். அடித்தள நிலையில் எட்டுத் தாள்: கணிதம் இரண்டு, புள்ளியியல் இரண்டு, ஆங்கிலம் இரண்டு, கணினிச் சிந்தனை ஒன்று, பைத்தான் ஒன்று. 114 கிரெடிட்டில் பி.எஸ்சி., 142இல் நான்காண்டு பி.எஸ். வேலையில் இருப்பவர்களும் வேறொரு கல்லூரியில் படிப்பவர்களும் சேர்ந்து படிப்பது இதில் வழக்கம். இந்தியப் புள்ளியியல் நிறுவனமும் 2024இல் புள்ளியியல் தரவு அறிவியல் என்ற பெயரில் ஒரு நான்காண்டுப் பட்டத்தைத் தொடங்கியது.

நிரலாக்கம் மட்டும் தெரிந்தால் எங்கே இடறும் என்பதைக் காட்ட வகுப்புகளில் எடுத்தாளப்படும் எடுத்துக்காட்டு, கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் 1973இல் நடந்த முதுநிலைச் சேர்க்கை. விண்ணப்பித்த ஆண்களில் 44 சதவீதம் பேருக்கு இடம் கிடைத்தது. பெண்களில் 35 சதவீதம் பேருக்கு. பாகுபாடு வெளிப்படை என்றே தோன்றும். 1975இல் பிக்கல் முதலிய மூவர் 'சயின்ஸ்' இதழில் துறைவாரியாகப் பிரித்துக் காட்டியபோது படம் மாறியது. துறைப் பெயர்களை மறைத்து எழுத்தால் குறிக்கும் பட்டியலில், ஏ துறையில் ஆண்கள் 62 சதவீதமும் பெண்கள் 82 சதவீதமும் தேர்வானார்கள். எஃப் துறையில் 6, 7 சதவீதம். ஏ துறைக்கு விண்ணப்பித்த ஆண்கள் 825 பேர், பெண்கள் 108 பேர் மட்டுமே. எளிதில் இடம் கிடைத்த துறைகளில் ஆண்கள் குவிந்திருந்தார்கள். கடினமான துறைகளில் பெண்கள் அதிகம். இதற்குச் சிம்ப்சன் முரண் என்று பெயர். ஆறு பெரிய துறைகளின் தரவு ஆர் மென்பொருளோடு சேர்ந்தே வருவதால், நிறுவிய அன்றே யாரும் போட்டுப் பார்க்கலாம். எதன்படி பிரிப்பது, ஏன் பிரிப்பது என்ற கேள்வி மட்டும் மென்பொருளில் இல்லை. பெண்கள் ஏன் அந்தத் துறைகளை நாடினார்கள் என்ற கேள்வியும் இந்த எண்களுக்கு வெளியேதான் இருக்கிறது.

சேர்க்கை

தமிழ்நாட்டு அரசுக் கல்லூரிகளில் பி.எஸ்சி. புள்ளியியலுக்குப் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணே அளவுகோல். சென்னையில் மாநிலக் கல்லூரியோடு லயோலா, கிறித்தவக் கல்லூரி ஆகியவற்றிலும் இப்பாடம் உண்டு. பி.ஸ்டாட். படிப்புக்குத் தனி நுழைவுத் தேர்வு. அதன் கொள்குறித் தாளில் பல ஆண்டுகள் இருந்துவந்த மதிப்பெண் முறையே ஒரு நிகழ்தகவுக் கணக்கு: சரியான விடைக்கு 4, தவறுக்கு 0, எழுதாமல் விட்டால் 1. நான்கு விடைகளில் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைக் குறித்தால் எதிர்பார்ப்பு மதிப்பு சரியாக 1. விட்டுவிட்டாலும் அதே 1. ஒரு விடை நிச்சயம் தவறு என்று ஒதுக்க முடிந்தால் அது 1.33 ஆகிறது, அப்போது குறிப்பதே லாபம்.

வேலை

வங்கி, காப்பீடு, மருந்துப் பரிசோதனை, மென்பொருள் நிறுவனங்கள் எல்லாம் இரு பட்டக்காரர்களையும் எடுக்கின்றன. காப்பீட்டுக் கணிப்பாளர் ஆக விரும்புவோர் தனியே தொழில்முறைத் தேர்வுகளை எழுத வேண்டும். அரசுப் பணியில்தான் பட்டத்தின் பெயர் உரசுகிறது. 1961இல் அமைந்த இந்தியப் புள்ளியியல் பணிக்கு யு.பி.எஸ்.சி. நடத்தும் தேர்வுக்கு, புள்ளியியலோ கணிதப் புள்ளியியலோ பயன்பாட்டுப் புள்ளியியலோ ஒரு பாடமாகப் பட்டத்தில் இருந்திருக்க வேண்டும். உதவிப் புள்ளியியல் ஆய்வாளர் போன்ற இடங்களுக்கு டி.என்.பி.எஸ்.சி.யும் தேர்வு நடத்துகிறது. தரவு அறிவியலில் சேரும் மாணவர் இவற்றில் கண் வைத்திருந்தால், மதிப்பெண் பட்டியலில் புள்ளியியல் என்ற பெயரிலேயே தாள்கள் அச்சாகுமா என்று சேருமுன் துறைத்தலைவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.