டன்மறித் தொழிற்சாலை: மானியத்தால் வாங்க முயன்ற அமைதி

இரவு பதினொன்றரைக்குக் குசினியைக் கழுவித் துடைத்துவிட்டு அறைக்குத் திரும்பினால், நித்திரை வரும்வரை ரி.வி.தான் எமக்குத் துணை. அப்படியான ஓர் இரவில், 1985இல் வெளிவந்த 'பேக் ரு த பியூச்சர்' படத்தை நாலைந்து பேராக இருந்து பார்த்தோம். கதவுகள் பறவையின் சிறகுபோல மேல்நோக்கி விரியும் வெள்ளிநிறக் கார் ஒன்றில் ஏறிக் காலத்தைக் கடந்து போகிறார்கள். அந்தக் கார் பெல்ஃபாஸ்ற்றில் செய்யப்பட்டது என்று எம்மோடு கோப்பை கழுவும் ஐரிஷ்காரர் அடுத்தநாள் சொன்னபோது நாம் நம்பவில்லை. பொருளியல் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு ஓடிவந்த எம்போன்றவர்களுக்கு, ஓய்வுநாளில் நூலகத்தில் இருந்து தேடிப் படிக்க ஒரு விடயம் கிடைத்தது.

1970களில் வட அயர்லாந்தின் பழைய தொழில்களான லினன் நெசவும் கப்பல் கட்டுதலும் தேய்ந்துகொண்டிருந்தன. மேற்கு பெல்ஃபாஸ்ற்றின் கத்தோலிக்கக் குடியிருப்புகளில் வேலையற்ற இளைஞர்கள் குவிந்திருந்தார்கள். வேலை கொடுத்தால் கலகம் அடங்கும் என்று லண்டன் கணக்குப் போட்டது. ஆனால் யார் வருவார்கள்? பெல்ஃபாஸ்ற்றின் புறத்தே டன்மறியில் தொழிற்சாலை வைத்திருந்த ஜேர்மனியின் குருண்டிக் நிறுவனத்தின் முகாமையாளர் தோமஸ் நீடர்மாயரை 1973 டிசெம்பரில் ஐ.ஆர்.ஏ.யினர் கடத்தினார்கள். அவரது உடல் 1980இல்தான் கிடைத்தது. அதே வருடம் அந்தத் தொழிற்சாலையும் மூடப்பட்டது. இப்படியான ஓர் இடத்துக்கு வருகிறேன் என்று சொன்னவனுக்குக் கேட்டதைக் கொடுக்க அரசு தயாராக இருந்ததில் வியப்பில்லை.

வந்தவர் ஜோன் டிலோறியன். அமெரிக்காவின் ஜெனரல் மோட்டோர்ஸில் மிக உயர்ந்த பதவியில் இருந்து 1973இல் விலகியவர். சொந்தப் பெயரில் ஒரு விளையாட்டுக் கார் செய்வது அவரது கனவு. புவேர்ட்டோ றிக்கோவோடு பேரம் பேசினார். டப்ளின் அரசோடும் பேசினார். டப்ளின் மறுத்துவிட்டது. 1978இல் பிரித்தானியத் தொழிற்கட்சி அரசின் வட அயர்லாந்து அமைச்சராக இருந்த றோய் மேசன் சில வாரங்களுக்குள் சம்மதித்தார். மானியம், கடன், பங்குமுதல் என்று ஐம்பது மில்லியன் பவுணுக்கு மேல் ஒதுக்கப்பட்டது. முடிவில் அது எண்பது மில்லியனை நெருங்கியது. பிரித்தானியாவின் சொந்தக் கார்க் கம்பனியான பிரிட்டிஷ் லேலண்ட் நட்டத்தில் மூழ்கி 1975இல் அரசுடைமையாகியிருந்த காலம் அது என்பதையும் மறக்கலாகாது.

தொழிற்சாலை எழுந்த இடத்தைக் கவனியுங்கள். ஒரு பக்கம் கத்தோலிக்கர் வாழும் ருவின்புறூக்; மறுபக்கம் புரட்டஸ்தாந்தர் வாழும் சீமோர் ஹில். இரண்டு வாசல்கள். அவரவர் தத்தம் வாசலால் வந்தார்கள். ஆனால் உள்ளே பாகங்களைப் பூட்டியபோது பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். முன்பின் கார் செய்தறியாத கைகள் 1981 தொடக்கத்தில் முதற் கார்களை வெளியே அனுப்பின. அதே வருடம் மே 5ஆம் திகதி, 66 நாள் உண்ணாவிரதத்தின் பின் பொபி சாண்ட்ஸ் சிறையில் இறந்தார். அவரது குடும்பம் வாழ்ந்தது இதே ருவின்புறூக்கில்! கலவரத்தில் பெற்றோல் குண்டுகள் தொழிற்சாலை வளவுக்குள்ளும் விழுந்தன. தற்காலிகக் கட்டிடம் ஒன்று எரிந்தது. ஆனாலும் வேலை நடந்தது.

தொழிற்சாலையை வீழ்த்தியது பெற்றோல் குண்டு அல்ல, கணக்குப் புத்தகம். கார் 25,000 டொலர். அமெரிக்காவிலோ பொருளாதார மந்தம். 1982 ஜனவரியில் ஏறத்தாழ 1,100 பேர் நிறுத்தப்பட்டார்கள். மேலும் பணம் கொடுக்கத் தச்சர் அரசு மறுக்க, பெப்ரவரியில் கம்பனி வங்குரோத்தாகி நிர்வாகிகளின் கைக்குப் போனது. ஒக்ரோபரில் எல்லாம் முடிந்தது. ஒரு காலத்தில் 2,600 பேர்வரை வேலைசெய்த இடம். செய்த கார்கள் ஒன்பதாயிரம் அளவில்தான். அதே ஒக்ரோபரில் டிலோறியன் போதைப்பொருள் வழக்கில் கைதானார், 1984இல் விடுவிக்கப்பட்டார். பிறகுதான் இன்னொன்றும் தெளிவானது. காரை வடிவமைக்கும் வேலைக்கென்று லோட்டஸ் நிறுவனத்துக்குப் போகவேண்டிய 17.65 மில்லியன் டொலர், பனாமாவில் பதிந்து ஜெனீவாவில் இயங்கிய ஒரு கம்பனியூடாகத் திசைமாறிப் போயிருந்தது. லோட்டஸ் அதிபர் கொலின் சப்மன் 1982 டிசெம்பரில் இறந்துவிட்டார். அந்நிறுவனத்தின் நிதிப் பொறுப்பாளராயிருந்த பிறெட் புஷெல் 1992இல் மூன்று வருடச் சிறைத்தண்டனை பெற்றார்.

அப்படியானால் அந்நியக் கம்பனிக்கு அரசு மானியம் கொடுப்பதே பிழையா? நாம் அப்படிச் சொல்லவில்லை. யப்பானின் நிசானும் நூறு மில்லியன் பவுணுக்கு மேல் வாங்கிக்கொண்டுதான் சன்டர்லாண்டுக்கு வந்தது. 1984இல் ஒப்பந்தம், 1986இல் திறப்புவிழா. முதலில் சிறிதாகத் தொடங்கவேண்டும், காரின் பெறுமதியில் உள்ளூர்ப் பங்கு முதலில் 60 வீதமாகவும் பின்னர் 80 வீதமாகவும் உயரவேண்டும் என்று பேசித்தான் அது வந்தது. கொடுத்த அரசுக்கு அங்கே அவசரம் இருக்கவில்லை. டன்மறியில் இருந்தது அவசரம் மட்டுமே. கார் விற்குமா என்று கேட்பதைவிடக் கலகம் அடங்குமா என்ற கேள்வியே பெரிதாக நின்றது.

இது எமக்கு அந்நியமான கதையல்ல. மேசன் கையெழுத்திட்ட அதே 1978இல்தான் இலங்கையில் கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயம் வரிவிலக்குகளோடு திறக்கப்பட்டது. 2009இன் பின்னர் வடக்குக் கிழக்குக்கும் 'முதலில் அபிவிருத்தி, அரசியல் பிறகு' என்றார்கள். எம்மவரிலும் சிலர் அதையே சொல்கிறார்கள். பெல்ஃபாஸ்ற்றில் துவக்குகளை ஓயவைத்தது 1998இன் உடன்படிக்கை. கார்த் தொழிற்சாலை அல்ல. இதை அவர்களுக்கு நினைவூட்ட விரும்புகிறோம்.

அதேவேளை அந்த இரண்டு வாசல்களையும் ஏளனம் செய்ய எமக்கு மனம் வரவில்லை. ஒரு சம்பளத்துக்காக யாருடைய குசினியிலும் நிற்கச் சம்மதித்தவர்கள் நாம். டன்மறியில் நின்றவர்களும் வேலையைத்தான் கேட்டார்கள். அவர்களைச் சமாதானத்துக்கான கருவியாகப் பார்த்தது வேறு ஆட்கள்.

தொழிற்சாலை வெறுமையாகக் கிடக்கவில்லை. 1989இல் பிரெஞ்சு நிறுவனமான மொன்ருப்பே வந்து, கார் எஞ்சின்களின் அலுமினியப் பாகங்களை அங்கே வார்க்கத் தொடங்கியது. டிலோறியன் காரின் தகடுகளை அழுத்தி வடிவமாக்கிய பாரிய இரும்பு அச்சுகள் பழைய இரும்பாக விற்கப்பட்டன. அவற்றில் சில அயர்லாந்தின் மேற்குக் கரைக் கடலில், மீன் வளர்க்கும் வலைக்கூடுகளுக்கு நங்கூரமாக இறக்கப்பட்டன. எண்பது மில்லியனில் அந்த மண்ணோடு மிஞ்சியது அவ்வளவுதானா, அல்லது இரண்டு வாசல்களால் வந்து ஒன்றாக நின்றவர்களின் ஞாபகமும் சேர்ந்தா என்று எம்மோடு வேலைசெய்யும் அந்த ஐரிஷ்காரரிடம் கேட்டோம். அவர் பதில் சொல்லவில்லை. அடுத்த கோப்பையை எடுத்தார்.