ரேலி கார் ஏன் 'படபட'வென வெடிக்கிறது?

ரேலி காணொளிகளில் கவனிச்சிருப்பீங்க. வளைவு வரும்போது ஓட்டுநர் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுப்பார். உடனே எக்ஸாஸ்ட்டிலிருந்து பட்டாசுச் சத்தம். சில நேரம் தீயும் தெரியும்.

கார் பழுதாகவில்லை. வேண்டுமென்றே அப்படி அமைத்திருக்கிறார்கள்.

டர்போவில் ஏன் தாமதம்?

டர்போ என்பது ஒரே தண்டில் மாட்டிய இரண்டு சக்கரங்கள். இன்ஜினிலிருந்து வெளியேறும் புகை ஒன்றைச் சுழற்றும். மற்றது வெளிக்காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும். காற்று கூடினா எரிபொருளையும் கூடுதலா எரிக்கலாம், சக்தி கூடும்.

சிக்கல் என்னன்னா, காலை எடுத்ததும் புகை குறைந்து சக்கரம் வேகம் இழக்கும். மறுபடி மிதிக்கும்போது அது நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுகளைத் தாண்ட நேரம் பிடிக்கும். அந்தக் காத்திருப்புதான் 'டர்போ லேக்'.

ஒரு விநாடிதானே என்று தோணலாம். மணிக்கு 100 கிலோமீட்டரில் போகும் கார் அந்த ஒரு விநாடியில் ஏறக்குறைய 28 மீட்டர் கடந்துவிடும். வளைவின் நடுவே சக்தி திடீரென வந்து சேர்ந்தா இன்னும் மோசம்; டயர் பிடிமானம் இழந்து கார் வழுக்கலாம்.

வெடிச்சத்தம் எங்கிருந்து வருகிறது?

அதற்கான தீர்வுதான் 'ஆன்டி-லேக்'. ஓட்டுநர் காலை எடுத்த பிறகும் இன்ஜினுக்குக் காற்றும் எரிபொருளும் போய்க்கொண்டே இருக்கும். ஆனா தீப்பொறி மிகத் தாமதமாகவே விழும். அதனால் எரிபொருளின் ஒரு பகுதி இன்ஜினுக்கு வெளியே, எக்ஸாஸ்ட் குழாயில் எரிகிறது. அந்தச் சூடான வாயு டர்போவைத் தொடர்ந்து சுழற்றும். மிதிச்சதும் சக்தி தயார்.

விலையும் உண்டு. குழாய் சிவக்கச் சிவக்கச் சூடாகும், டர்போவின் ஆயுள் குறையும். போட்டிக் குழுக்கள் பாகங்களை அடிக்கடி மாற்றிக்கொள்ளும். வீட்டுக் காருக்கு அது கட்டுப்படியாகாது; புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரும் கெட்டுப்போகும்.

ரேலி நமக்கு அந்நியமில்லை. மலேசியாவின் கரம்ஜித் சிங் 2002இல் உற்பத்திக் கார்களுக்கான உலக ரேலி பட்டத்தை வென்றது புரோட்டோன் பெர்ட் என்ற டர்போ காரில்தான்.

எஃப்1 என்ன செய்தது?

2014 முதல் 2025 வரை எஃப்1 கார்களில் டர்போவின் தண்டோடு ஒரு மின்மோட்டார் இணைக்கப்பட்டிருந்தது. புகை போதாதபோது மோட்டாரே சுழற்றிவிடும். அருமையான தீர்வு, ஆனா செலவும் சிக்கலும் அதிகம். 2026 விதிமுறையில் அதை எடுத்துவிட்டார்கள்.

கடையில் விற்கும் சாதனம் உதவுமா?

'த்ராட்டல் ரெஸ்பான்ஸ்' கூட்டும் என்று சொல்லி, பெடலில் பொருத்தும் சிறு மின்னணுப் பெட்டிகளை விற்கிறார்கள். அவை பெடல் அனுப்பும் சைகையை மட்டுமே மாற்றும். பாதி மிதிச்சா முக்கால்வாசி மிதிச்சதாக இன்ஜின் எடுத்துக்கொள்ளும். கார் துடிப்பாகத் தோன்றும். ஆனா டர்போ ஒரு சுற்றுகூடக் கூடுதல் வேகத்தில் காத்திருக்காது. முழுசா மிதிச்சா வித்தியாசமே இல்லை.

உண்மையில் பலன் தருபவை வேறு: எடை குறைந்த சிறிய டர்போ, காற்று போகும் பாதையைச் சுருக்குவது. சிறிய டர்போவில் உச்ச சக்தி கொஞ்சம் குறையும் என்பதையும் ஏற்கணும். பந்தயத் தடத்தில் காசில்லாத வழியும் இருக்கு. வளைவுக்கு முன்பே கியரைக் குறைத்து, இன்ஜினின் சுற்று இறங்காமல் பார்த்துக்கொள்வது.