முரட்டு வகுப்பறையும் திரைப்பட ஆசிரியரும்

அடங்காத மாணவரிடையே துணிந்து நுழையும் ஆசிரியரைத் திரைப்படம் நெடுநாளாகவே போற்றி வந்துள்ளது. அமெரிக்காவின் ஒமாகா நகரில் 1917இல் சிறுவர் இல்லம் தொடங்கிய அருட்தந்தை எட்வர்டு ஃபிளனகனின் பணி, 1938இல் ‘பாய்ஸ் டவுன்’ எனப் படமாயிற்று. கெட்ட பிள்ளை என்று எவனுமில்லை என்பது அவர்தம் உறுதி. 1955இல் வெளிவந்த ‘பிளாக்போர்டு ஜங்கிள்’ படத்திலோ வகுப்பறையே போர்க்களம், கத்தியும் வெளிப்படுகிறது. அதில் முரண்டு பிடிக்கும் மாணவனாக நடித்த சிட்னி போய்ட்டியர், 1967இல் ‘டு சார், வித் லவ்’ படத்தில் ஆசிரியராகவே வந்தார். பாடநூலை ஒதுக்கிவிட்டு, இலண்டன் இளைஞரைப் பெரியவர்களாக மதித்துப் பேசினார். கத்தியைவிட இம்மதிப்பே நம் நெஞ்சில் நிற்கிறது.

தமிழில், 1994இல் சேதுமாதவன் இயக்கிக் கமல்ஹாசன் நடித்த ‘நம்மவர்’ கல்லூரியைக் களமாக்கித் தேசிய விருதும் பெற்றது. 2012இல் வந்த ‘சாட்டை’ அரசுப் பள்ளியைப் பற்றியது. அங்கே ஆசிரியர் தயாளனுக்கு மாணவரைவிடச் சக ஆசிரியரே பெருந்தடை.

நம் கிணத்துக்கடவு மண்ணின் மைந்தர் லோகேஷ் கனகராஜ் 2021இல் அளித்த ‘மாஸ்டர்’ இன்னும் உள்ளே சென்றது. நாகர்கோவில் சீர்திருத்தப் பள்ளியின் சிறுவர், பெரியவன் ஒருவனின் குற்றங்களைத் தம் தலையில் சுமக்கிறார்கள். சண்டைக் காட்சிகள் நமக்குச் சற்று மிகையே. ஆயினும், காப்பாற்றும்படி இரு சிறுவர் எழுதிய கடிதத்தை, மதுமயக்கத்தில் கிடந்த ஆசிரியர் அவர்கள் இறந்த பின்னரே படிக்கிறார். அதன்பின் அவர் குடியை விடுகிறார். மாணவர் திருந்துவது அதற்கும் பிறகுதான் தொடங்குகிறது.