வாத்தியார் இருந்தால் வழி பிறக்கும்



இன்றைய தலைப்பு, 'இந்தியக் கால்பந்து மீண்டும் எழத் தேவை நல்ல ஆட்ட முறையா, நல்ல பயிற்சியாளரா?' எனக்கு முன்னால் பேசிய எதிரணி நண்பர் என்ன சொன்னாரு? "பந்தை ஆகாசத்துக்கு உதைக்கிறதை நிறுத்து, தரையோடு தரையா பாஸ் பண்ணு, ஜெயிச்சுடலாம்"ன்னாரு. ஐயா, சமையல் புத்தகத்தை வாங்கி அடுப்பு மேல வெச்சா சாம்பார் கொதிச்சிருமா? (சிரிப்பு) கரண்டி பிடிக்க ஒரு ஆள் வேணாமா? அந்த ஆள்தான் பயிற்சியாளர். நான் பள்ளிக்கூடத்துல சரித்திர வாத்தியார். அதனால சரித்திரத்தை வெச்சே பேசுறேன்.

1948, லண்டன் ஒலிம்பிக். சுதந்திரம் வாங்கி ஒரு வருஷம்கூட ஆகலை. நம்ம ஆட்கள் பெரும்பாலும் வெறுங்காலோடு பிரான்சை எதிர்த்து ஆடினாங்க. சாரங்கபாணி ராமன் ஒரு கோல் போட்டார். கிடைச்ச ரெண்டு பெனால்டியையும் கோட்டை விட்டோம். 1-2ன்னு தோத்தோம். தோத்தாலும் பெருமைதான்.

அடுத்தது 1952, ஹெல்சிங்கி. பயிற்சியாளர் ஹைதராபாத்தைச் சேர்ந்த சையத் அப்துல் ரஹீம். யூகோஸ்லாவியாகிட்ட எத்தனை கோல் வாங்கினோம் தெரியுமா? பத்து! பத்துக்கு ஒண்ணு! அந்தத் தோல்விக்குப் பிறகுதான் பூட்ஸ் போட்டே ஆகணும்னு சட்டமே வந்துச்சு.

நடுவர் அவர்களே, இன்னைக்கு ஒரு பயிற்சியாளர் பத்து கோல் வாங்கிட்டு விமானத்துல வந்து இறங்கினா நாம என்ன செய்வோம்? டீக்கடையிலேயே அவரை டிஸ்மிஸ் பண்ணிடுவோம்! (சிரிப்பு, கைதட்டல்) ஆனா அன்னைக்கு என்ன செஞ்சாங்க? அதே ரஹீம்கிட்டதான் 1956 மெல்போர்ன் ஒலிம்பிக் அணியையும் ஒப்படைச்சாங்க. பலன் என்ன? ஆஸ்திரேலியாவை அதன் சொந்த மண்ணிலேயே 4-2ன்னு ஜெயிச்சோம். நெவில் டிசூசா மூணு கோல், கிட்டு என்கிற கிருஷ்ணசாமி ஒரு கோல். ஒலிம்பிக் கால்பந்தில் அரையிறுதிக்குப் போன முதல் ஆசிய அணி நாமதான். நாலாவது இடம்!

"அதுவும் ஆட்ட முறையால வந்ததுதானே?"ன்னு எதிரணித் தம்பி கேட்பார். சரி, 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டுக்கு வாங்க. முதல் ஆட்டத்துல தென் கொரியாகிட்ட 0-2ன்னு தோல்வி. அப்புறம் பின்காவலர் ஜர்னைல் சிங்குக்கு மண்டையில அடிபட்டு தையல். கோல் கீப்பர் பீட்டர் தங்கராஜுக்கு உடம்பு சரியில்லை. எந்தப் புத்தகத்துல இருக்கிற ஆட்ட முறை இதுக்கு மருந்து சொல்லும்? ரஹீம் என்ன செஞ்சார்? தையல் போட்ட தலையோட இருக்கிற பின்காவலரைக் கொண்டுபோய் முன்வரிசையில நிறுத்தினார்! அரையிறுதியிலும் கோல், இறுதி ஆட்டத்திலும் கோல் போட்டார் ஜர்னைல். இறுதி ஆட்டத்துல பி.கே. பானர்ஜி ஒண்ணு, அவர் ஒண்ணு. எந்தக் கொரியாகிட்ட தோத்தோமோ, அதே கொரியாவை 2-1ன்னு ஜெயிச்சு தங்கம் வாங்கினோம். அரங்கம் முழுக்க நமக்கு எதிரா கூச்சல் போட்ட கூட்டம். முறை மனுஷனை உருவாக்கலை ஐயா. மனுஷன்தான் முறையை உருவாக்கினார்! (கைதட்டல்)

அந்த நேரத்துல ரஹீமுக்குப் புற்றுநோய். அடுத்த வருஷம், 1963 ஜூன் மாதம் கண்ணை மூடிட்டார். அதுக்கப்புறம் இன்னைக்கு வரைக்கும் ஆசிய விளையாட்டுக் கால்பந்துல நமக்குத் தங்கம் இல்லை. 1960 ரோமுக்குப் பிறகு ஒலிம்பிக்குக்கே தகுதி பெறலை.

இப்போ நம்ம காலத்துக்கு வருவோம். 2019 ஜனவரி 6-ந் தேதி ஆசியக் கோப்பையில தாய்லாந்தை 4-1ன்னு ஜெயிச்சோம். பயிற்சியாளர் கான்ஸ்டன்டைனை தோள்ல தூக்கி வெச்சு ஆடினோம். ஜனவரி 14-ந் தேதி பஹ்ரைன்கிட்ட கடைசி நிமிஷப் பெனால்டியில தோல்வி. அன்னைக்கே அவர் பதவி விலகிட்டார். எட்டே நாள்! தோள்ல ஏத்தவும் நாமதான், தள்ளிவிடவும் நாமதான்.

எதிரணித் தலைவர் குறிப்பு எழுதுறது தெரியுது. "அடுத்து வந்த ஸ்டிமாச்சுக்கு அஞ்சு வருஷம் குடுத்தோமே, என்ன கிழிச்சார்?"ன்னு கேட்கப் போறார். நியாயமான கேள்விதான். 2024-ல் நடந்த ஆசியக் கோப்பையில மூணு ஆட்டமும் தோல்வி, ஒரு கோல்கூட இல்லை. அந்த ஜூன் மாதம் அவரை அனுப்பிட்டாங்க. அப்புறம் மனோலோ மார்க்கேஸ் வந்தார், போனார். 2025 ஆகஸ்டுல காலித் ஜமீல் வந்தார். அக்டோபர்ல சிங்கப்பூர்கிட்ட சொந்த ஊரிலேயே தோத்து, 2027 ஆசியக் கோப்பை வாய்ப்பும் போச்சு.

ஏன்? பயிற்சியாளர்னு நாம யாரைச் சொல்றோம்? இருபது வயசுல வளர்ந்து முடிஞ்ச பையனை ரெண்டு வாரம் முகாம்ல பார்க்கிறவரையா? ரஹீம் பள்ளிக்கூட வாத்தியாரா இருந்தவர் ஐயா! 1943-லிருந்தே ஹைதராபாத் நகரப் போலீஸ் அணியைப் பழக்கினவர். விதை போட்டவரே அறுவடையும் செஞ்சார். விதைக்காத வயலுக்கு அறுவடைக்கு மட்டும் ஆள் மாத்திக்கிட்டே இருந்தா நெல்லு வருமா?

உள்ளூர் சாட்சி வேணுமா? 2022-ல் நம்ம மாமல்லபுரம் பூஞ்சேரியில 44-வது செஸ் ஒலிம்பியாட் நடந்துச்சு. பொதுப் பிரிவுல இந்தியாவின் முதல் அணிக்குப் பதக்கம் இல்லை, நாலாவது இடம். ஆர்.பி. ரமேஷ் வழிநடத்தின இளைஞர்களின் இரண்டாவது அணிதான் வெண்கலம் வாங்கியது. முதல் அணியின் கேப்டன் ஸ்ரீநாத் நாராயணனை அதோட அனுப்பிட்டாங்களா? இல்லை. 2024 புடாபெஸ்டுல அதே ஸ்ரீநாத் தலைமையில, ரமேஷ் பழக்கின பிரக்ஞானந்தாவும் சேர்ந்த அணி தங்கம் வாங்கியது! (பலத்த கைதட்டல்)

இன்னொண்ணு. 1973-ல் கேரளா முதன்முதலா சந்தோஷ் டிராபி ஜெயிச்சுது. பயிற்சியாளர் யார்? ரோம் ஒலிம்பிக்குல ஆடின நம்ம தமிழர் சைமன் சுந்தரராஜ். நம்ம வாத்தியார் போய் அவங்களுக்குக் கோப்பை வாங்கிக் குடுத்தார். தமிழ்நாடு இன்னும் அந்தக் கோப்பையைத் தொடலை.

கடைசியா என் தப்பை இந்த மேடையிலே ஒப்புக்கொள்றேன். என்கிட்ட ஒரு பையன் படிச்சான். மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு மீனவர் குப்பம். கடல் மணல்ல வெறுங்காலோடு ஆடி ஆடி, ரெண்டு கால்லயும் ஒரே மாதிரி உதைப்பான். பள்ளிக்கூடத்துல அப்போ டிரில் வாத்தியார் இல்லை. பி.டி. பீரியடு வந்தா, பாடம் முடியலைன்னு அதையும் நானே வாங்கிப் பானிபட் யுத்தம் நடத்துவேன். ஜன்னல் வழியா மைதானத்தையே பார்ப்பான். "இங்க பாருடா"ன்னு அதட்டுவேன். போன வருஷம் கடற்கரையில வலை பிரிச்சுக்கிட்டு இருந்தான். "எப்படிடா இருக்கே?"ன்னேன். சிரிச்சுக்கிட்டே சொன்னான்: "நல்லா இருக்கேன் சார். பானிபட் மட்டும் மறந்துபோச்சு சார்."

நடுவர் அவர்களே, அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரலை. அவனுக்கு ஆட்டம் இருந்துச்சு. முறையும் இருந்துச்சு, மணல் கத்துக்குடுத்த முறை. இல்லாதது ஒரு வாத்தியார். இருந்த வாத்தியாரும் அவன் பீரியடைப் பிடுங்கிக்கிட்டேன்.

மாமல்லபுரத்து ரதங்களைப் போய்ப் பாருங்க. ஒரே பாறையை மேலிருந்து கீழே செதுக்கிக்கொண்டே வந்திருக்காங்க. அடிப்பாகம் முடியலை. ஏன் முடியலை? பாறையில குறையா? உளியில குறையா? செதுக்குகிற கை போயிடுச்சு. தேர் பாதியிலே நிற்குது. நம்ம கால்பந்தும் அப்படித்தான் நிற்குது. ஆகவே, தேவை பயிற்சியாளரே, அதுவும் பள்ளிக்கூட மைதானத்திலிருந்தே தேவை என்று நல்ல தீர்ப்பு வழங்குமாறு கேட்டு அமர்கிறேன். (கைதட்டல்)