தாம்பரம் சானடோரியமும் ஊரார் தீர்ப்பும்

யார் குற்றவாளி என்பதை நாம் தனியே அமர்ந்து முடிவு செய்வதில்லை. சுற்றியிருப்பவர்களிடமிருந்து அந்தத் தீர்ப்பை வாங்கிக்கொள்கிறோம். தாம்பரம் சானடோரியமே இதற்குச் சான்று. டாக்டர் சௌரி முத்து 1928-ல் காசநோயாளிகளுக்காக நிறுவிய இந்த மருத்துவமனைக்கு, 1990-களில் எச்.ஐ.வி. பாதித்தவர்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். அவர்களை ஊரார் ஒதுக்கினார்கள். ஊரார் அஞ்சியது தொற்றுக்குத்தான், அதில் ஒழுக்கத் தீர்ப்பு ஏதுமில்லை என்று சிலர் வாதிடலாம். அப்படியானால் காற்றில் பரவும் காசநோயை அல்லவா அதிகம் வெறுத்திருக்க வேண்டும்? தொட்டால் பரவாத எச்.ஐ.வி.க்குத்தான் கடுமையான தண்டனை கிடைத்தது.

காரணம், அந்தக் கிருமி அறிமுகமான விதம். 1986-ல் டாக்டர் சுனிதி சாலமனும் மாணவி நிர்மலாவும் சென்னையில் அதை முதலில் கண்டறிந்தது பாலியல் தொழிலாளர்களின் ரத்த மாதிரிகளில். அன்றே நோயின் மீது நடத்தை என்ற முத்திரை விழுந்துவிட்டது. நடத்தை கெட்டவர்களைத்தானே ஊர் கண்டித்தது என்பது அடுத்த வாதம். கணவனிடமிருந்து தொற்று பெற்ற மனைவியும், தாயிடமிருந்து பெற்ற குழந்தையும் ஒதுக்கப்பட்டார்களே, அவர்கள் செய்த தவறு என்ன? ஆராய்ந்து வந்த தீர்ப்பாக இருந்தால் இவர்களையாவது விட்டிருக்கும். அது அண்டை வீட்டாரின் முகம் பார்த்து வந்த தீர்ப்பு.

2004 ஏப்ரலில் அரசு எச்.ஐ.வி.க்கான இலவசக் கூட்டு மருந்து சிகிச்சையைத் தொடங்கிய முதல் மையங்களில் தாம்பரமும் ஒன்று. மருந்து உயிரைக் காத்தது. ஒதுக்குதலைத் தடுக்கத் தனியாக 2017-ல் சட்டம் இயற்ற வேண்டியிருந்தது.