ராமானுஜன் தவறவிட்ட எண்

தைப்பூசத்துக்கு டத்தோ கிராமாட் சாலையோரம் தேங்காய் அடுக்கிப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். 60 தேங்காய் இருந்தால் இரண்டிரண்டாக, ஐந்தைந்தாக, பன்னிரண்டு பன்னிரண்டாக எப்படி வேண்டுமானாலும் மிச்சமில்லாமல் குவிக்கலாம். 60க்கு 12 காரணிகள். ஒன்று கூடி 61 ஆனால் தொலைந்தது, 1ம் 61ம்தான். 60க்குக் கீழே எந்த எண்ணுக்கும் 12 காரணிகள் கிடையாது. இப்படித் தனக்குக் கீழுள்ள அத்தனை எண்களையும் காரணிக் கணக்கில் ஜெயிப்பதைத் தமிழில் 'மிகு பகு எண்' எனலாம்.

சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய் குமாஸ்தாவாக இருந்த ராமானுஜன் 1914இல் கப்பலேறினார். மறு வருஷமே லண்டன் கணிதச் சங்கத்தின் இதழில் இந்த எண்களைப் பற்றி நீண்ட கட்டுரை வந்தது. 1916இல் கேம்பிரிட்ஜ் அவருக்குப் பட்டம் கொடுத்தது இந்த ஆய்வுக்குத்தான். சங்கத்திடம் பணமில்லாததால் கட்டுரையின் பிற்பகுதி அப்போது அச்சேறவில்லை. நிக்கொலா, ரோபின் என்ற இருவர் 1997இல்தான் அதைக் குறிப்புகளோடு வெளியிட்டார்கள்.

அச்சான பகுதியில் ஓர் அட்டவணை இருக்கிறது. நூற்றுக்கும் மேற்பட்ட மிகு பகு எண்கள். கடைசி எண் 6,746,328,388,800, காரணிகள் 10,080. சும்மா சரிபார்ப்போமே என்று ஒரு ராத்திரி சின்னதாக ஒரு புரோகிராம் எழுதினேன். என் பட்டியலில் ஒரு எண் கூடுதலாக வந்தது. நம்ம கோடில்தான் தப்பு என்று அரை மணி நேரம் தேடினேன். தப்பு இல்லை. விடுபட்டது ராமானுஜனிடம்தான், கணித உலகுக்கு இது தெரிந்த சங்கதிதானாம்.

அந்த எண் 293,318,625,600.

உடைத்துப் பார்த்தால் 2 ஆறு முறை, 3 நான்கு முறை, 5ம் 7ம் இரண்டிரண்டு முறை, 11, 13, 17, 19 ஒவ்வொரு முறை. ஒவ்வொன்றோடும் ஒன்று கூட்டிப் பெருக்கினால், 7×5×3×3×2×2×2×2, மொத்தம் 5,040 காரணிகள். இதற்கு முந்தைய மிகு பகு எண் 240,940,299,600 (காரணிகள் 4,800), பிந்தையது 321,253,732,800 (5,376). அந்த இரண்டிலும் 23 உண்டு, 7 ஒரு முறைதான். நடுவில் இருக்கும் நம்ம ஆளில் 23 இல்லை, 7 இரண்டு முறை. இந்த ஜாடை மாற்றத்தில்தான் கண் தவறியிருக்கும் என்பது என் ஊகம்.

நாமகிரித் தாயார் கனவில் வந்து சூத்திரம் சொன்ன கதையை நம் வீடுகளில் எல்லாரும் சொல்வார்கள். எனக்கு அதைவிட இந்த விடுபட்ட வரியைத்தான் பிடித்திருக்கிறது. கனவில் இறங்கிய பட்டியலில் வரி விடுபடுமா? இது உட்கார்ந்து, பெருக்கி, ஒப்பிட்டு, கழித்துக் கட்டிய கை வேலை. முதுகு வலித்திருக்கும்.

இன்னொன்று. 293,318,625,600ஐ 23ஆல் பெருக்கிப் பாருங்கள். 6,746,328,388,800 வரும், அட்டவணையின் கடைசி எண்.